யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம்: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏ.எல் பெறுபேறு வந்த கிழமையில் தொடங்கி, பல்கலைக்கழக அனுமதி முடியும் வரை எனக்கு வரும் அழைப்புகளில் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ கற்கைகள் வணிக பீடத்தில் படித்தவள். இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறில் ஏ.எல் பிள்ளைகளுக்குக் கணக்கீடு சொல்லிக் கொடுக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

அக்கா, இந்தப் பீடம் எங்கே இருக்கு? கிளிநொச்சிக்குப் போக வேணுமோ?

வேண்டாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பவை பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள். முகாமைத்துவம் திருநெல்வேலியில்தான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் 1974 இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியது.

வவுனியாவையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். முன்பு அது யாழ்ப்பாணத்தின் வளாகம். 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று தனியாக இயங்குகிறது. அங்கே வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது. விண்ணப்பத்தில் இரண்டும் வெவ்வேறு தெரிவுகள்.

எனக்குப் பொருளியலில எஸ் தான். விண்ணப்பிக்கலாமோ?

விண்ணப்பிக்கலாம். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்று வணிகப் பிரிவில் படித்து, ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி) எடுத்திருந்தால் அடிப்படைத் தகுதி உண்டு. மூன்றில் ஒன்றுக்குப் பதிலாக வேறு பாடம் எடுத்தவர்கள், அந்தப் பாடம் ஏற்கப்படுகிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைநூலில் பார்க்க வேண்டும்.

பலர் மறந்துபோவது பொதுச் சாதாரண பரீட்சையை. அதில் 30 புள்ளி கட்டாயம். முதல் அமர்வில் எடுக்காவிட்டால் அடுத்த அமர்வில் அதை மட்டும் எழுதலாம். ஆனால் தகுதி வேறு, தெரிவு வேறு. தெரிவைத் தீர்மானிப்பது இசட் புள்ளி.

எனக்கு ஏ, பி, பி. என்னைவிடக் குறைய எடுத்த பிள்ளைக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கேல்லை. எப்படி?

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, எழுத்துத் தரம் கணக்கில் இல்லை. 2001 தொடக்கம் இசட் புள்ளிதான். ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி. சராசரி 50, நியம விலகல் 20 உள்ள பாடத்தில் நீங்கள் 70 எடுத்தால் இசட் 1. சராசரி 65, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 70 எடுத்தால் 0.5 தான். எல்லாரும் நன்றாகச் செய்த பாடத்தில் 70 க்குப் பெறுமதி குறைவு. ஏ.எல் புள்ளிவிபரவியலில் படித்த அதே சூத்திரம்தான்.

இரண்டாவது காரணம் மாவட்டம். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

தரப்படுத்தல் இன்னும் இருக்கோ பிள்ளை?

இதைக் கேட்பவர்கள் அநேகமாக அப்பாமார். 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலைத்தான் அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதிய பிள்ளைக்கு வேறு வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய குறைந்த புள்ளி), சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு வேறு வெட்டுப்புள்ளி என்ற அந்த முறை யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையையே காயப்படுத்தியது. அது 1970களின் இறுதியில் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு மட்டும் இன்னும் தொடர்கிறது.

முகாமைத்துவம் போன்ற கற்கைநெறிகளில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படை, 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் யாழ்ப்பாண வெட்டுப்புள்ளியும் முல்லைத்தீவு வெட்டுப்புள்ளியும் ஒன்றாக வராது. கொட்டிலில் வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் பிள்ளைக்கு அந்த இடம் போவதை நான் நியாயம் என்றுதான் சொல்வேன்.

விண்ணப்பத்தில எதை முதலாவதாப் போடுறது? கிடைக்கக்கூடியதை மேலே போட்டால் நல்லதோ?

இல்லவே இல்லை. விருப்பமானதை மேலே போடுங்கள். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்குமாக ஒரு குறியீடு உண்டு. நீங்கள் எழுதிய வரிசையில், உங்கள் இசட் புள்ளி எட்டும் முதல் குறியீடு உங்களுக்குக் கிடைக்கும். மேலே ஒரு கடினமான தெரிவைப் போட்டதற்காகக் கீழே உள்ள தெரிவு கை நழுவாது. மாறாக, 'பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று வேண்டாத ஒன்றை மேலே போட்டால் அதுவே கிடைத்துவிடும். கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்துத் தெரிவை வெட்டி எறியவும் வேண்டாம். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பி.பி.ஏ, பி.கொம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பி.பி.ஏ என்பது வியாபார நிர்வாகம். கணக்கீடு, நிதி, சந்தைப்படுத்தல், மனித வளம், சட்டம், புள்ளிவிபரம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, பிறகு ஒரு துறையில் ஆழமாகப் போவீர்கள். பி.கொம் வணிகத்தின் பக்கம் சாய்ந்தது. கணக்கீடும் பொருளியலும் சார்ந்த பாடங்களின் எடை கூட. வேலை கொடுப்பவர்களில் அநேகர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். ஆட்களோடு பழகி, விற்று, நிர்வகித்து வேலை செய்ய ஆசை என்றால் பி.பி.ஏ. எண்களோடு இருப்பதுதான் நிம்மதி என்றால் இரண்டும் சரி.

ஜெயவர்த்தனபுர கிடைச்சால் அங்கே போறதோ, இஞ்சையே நிற்கிறதோ?

ஸ்ரீ ஜயவர்த்தனபுரவின் முகாமைத்துவ பீடம் நாட்டிலேயே பெரியது. கொழும்பின் பெரிய ஒடிற் (கணக்காய்வு) நிறுவனங்களும் தலைமை அலுவலகங்களும் பக்கத்தில். பட்டயக் கணக்காளர் ஆகவேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருந்து, வீட்டில் கொழும்புச் செலவைத் தாங்க முடியும் என்றால் போகச் சொல்வேன்.

ஆனால் அறை வாடகையும் சாப்பாடும் சேர்ந்து வீட்டைக் கடனில் தள்ளும் என்றால் யாழ்ப்பாணம் எந்த விதத்திலும் தாழ்ந்த தெரிவு அல்ல. பட்டத்தின் தகைமை மட்டம் ஒன்றுதான். குறைவது கொழும்புத் தொடர்புகள். அதைப் பயிற்சிக் காலத்தில் ஓரளவு ஈடுகட்டலாம். உள்ளகப் பயிற்சி பற்றிய கேள்வியில் சொல்கிறேன். 'உள்ளூர்க் கம்பஸ்தானே' என்று முகம் சுளிக்கும் உறவினரின் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

காசு எவ்வளவு கட்ட வேணும்?

கற்கைக் கட்டணம் இல்லை. பதிவு நேரத்தில் சிறு தொகைகள் உண்டு. செலவு வருவது தங்கும் இடம், சாப்பாடு, போக்குவரத்து, கணினி ஆகியவற்றில். விடுதியில் எல்லா ஆண்டும் இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் தூர இடத்துப் பிள்ளைகள் திருநெல்வேலி, கொக்குவில், கந்தர்மடம், கல்வியங்காடு பக்கங்களில் போர்டிங் எடுப்பார்கள். சைக்கிள் ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மகாபொல புலமைப்பரிசில் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. திறமை அடிப்படையிலும் வருமான அடிப்படையிலும் கொடுக்கிறார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள். அது கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைக்கு பேர்சரி என்ற உதவிப்பணம் உண்டு. வருமான விபரத்தைச் சரியாக நிரப்பி, கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி, குறித்த திகதிக்குள் கொடுங்கள். கடைசி நாளில் கையெழுத்துக்கு ஓடாதீர்கள்.

எல்லாம் இங்கிலீசிலதானாம். நான் முதலாம் வகுப்பில இருந்து தமிழிலதான் படிச்சனான். தாக்குப் பிடிப்பனோ?

பிடிப்பீர்கள். வகுப்பில் இருக்கும் பெரும்பாலானோரின் நிலைமையும் இதுதான். தென்பகுதியில் இருந்து வரும் சிங்களப் பிள்ளைகளும் தங்கள் மொழியில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் ஒரே பொதுமொழியும் ஆங்கிலம்தான். குழு வேலையில் அவர்களோடு சேருங்கள். இலக்கணப் பிழையோடு பேசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் அரையாண்டில் சிரமம் எங்கே வரும் என்றால், விடயம் தெரியும், பெயர் தெரியாது. வருமதிகள், சென்மதிகள், பெறுமானத் தேய்வு, ஐந்தொகை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். விரிவுரையாளர் 'ரிசீவபிள்ஸ்', 'பேயபிள்ஸ்', 'டிப்ரிசியேஷன்' என்றதும் புதிதாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்துவிடுவீர்கள். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும் வரை மாதக் கணக்கில் இடைவெளி இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் ஏ.எல் கணக்கீட்டுக் குறிப்பையே எடுத்து, ஆங்கில மொழிமூலப் பாடநூலைப் பக்கத்தில் வைத்து, ஒரு கொப்பியில் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். பிறகு தெரிந்த கணக்கு ஒன்றை முழுக்க ஆங்கிலத்தில் செய்து பாருங்கள். பேச்சு ஆங்கில வகுப்புக்குக் கட்டும் காசைவிட இது கூடப் பயன் தரும் என்பது என் அனுபவம்.

தொடங்கிய பிறகு பல்கலைக்கழகத்தின் ஆங்கில வகுப்பைத் தவறவிடாதீர்கள். பரீட்சைக்கு முன் சீனியர் அண்ணாமார், அக்காமார் வைக்கும் குப்பி வகுப்புக்கும் போங்கள். அங்கே தமிழில் விளங்கலாம். ஆனால் விடையை எழுதிப் பார்ப்பது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் விளங்கி, ஆங்கிலத்தில் எழுதாமல் மண்டபத்துக்குள் போகிற பிள்ளைகள்தான் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஜீ.பி.ஏ எப்படிக் கணக்குப் பார்க்கிறது? முதல் வருசம் முக்கியமில்லை என்று சொல்லுறாங்கள்.

ஜீ.பி.ஏ என்பது தரப்புள்ளிச் சராசரி. ஒவ்வொரு பாடத்துக்கும் கிறெடிற் இருக்கும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தேசிய தகைமைச் சட்டகத்தில் 120 கிறெடிற், மட்டம் 6. ஒரு கிறெடிற் என்றால் விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்ந்து 50 மணித்தியால உழைப்பு. தரத்தின் புள்ளியைக் கிறெடிற்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிறெடிற்றால் வகுக்க வேண்டும். 3 கிறெடிற் பாடத்தில் பி பிளஸ் எடுத்தால் 3.30 × 3 = 9.90. 2 கிறெடிற் பாடத்தில் சி எடுத்தால் 2.00 × 2 = 4.00. மொத்தம் 13.90, அதை 5 ஆல் வகுத்தால் 2.78.

3.70 க்கு மேல் முதல் வகுப்பு, 3.30 இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.00 கீழ்நிலை. மேலே உள்ள கணக்கைப் பார்த்தால், கவனிக்காமல் விட்ட ஒரு சி எவ்வளவு இழுத்து விழுத்துகிறது என்று விளங்கும். முதல் வருசத்தை விளையாட்டாக எடுத்தால் கடைசி வருசம் முழுக்க அதை நிமிர்த்துவதிலேயே போய்விடும். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தாலும் பரீட்சை எழுதுவதில் சிக்கல் வரும்.

பகிடிவதை இருக்கோ? அம்மா பயப்படுறா.

அம்மா பயப்படுவதில் பிழை இல்லை. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறைத்தண்டனை உண்டு. பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ என்றால் பத்து ஆண்டு வரை போகும். 'பழகிறதுக்குத்தானே' என்று யார் சொன்னாலும் இந்தச் சட்டம் மாறாது.

ஏதாவது நடந்தால் மாணவ ஆலோசகரிடம் அல்லது மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு வழியில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தி, அழைப்பு விபரம் எதையும் அழிக்காதீர்கள். இந்த ஒரு பயத்துக்காகக் கிடைத்த இடத்தை விட்டுவிட நினைத்தால், அதற்கு முன் யாரிடமாவது பேசுங்கள். இப்படி விட்டுப்போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

எந்தத் துறையில ஸ்பெஷல் செய்யிறது நல்லது?

கணக்கீடு, நிதி முகாமைத்துவம், மனித வளம், சந்தைப்படுத்தல் என்று துறைகள் உண்டு. எல்லாரும் கணக்கீட்டுக்கு அடிபடுவார்கள். அது பிடித்திருந்தால் எடுங்கள். கூட்டத்தோடு கூட்டமாக எடுக்காதீர்கள்.

மனித வளத்தை 'லேசானது' என்று நினைப்பது பெரிய பிழை. ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுங்கள். அடிப்படைச் சம்பளம் 60,000 என்றால் ஊழியரிடம் 8 வீதம், அதாவது 4,800 ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கழிபடும். முதலாளி தன் பங்குக்கு 12 வீதம், 7,200 போட வேண்டும். ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,800, அதுவும் முதலாளியே. அந்த 1,800 ஐ ஊழியரின் சம்பளத்தில் வெட்டும் இடங்களும் உண்டு. அது சட்டத்துக்கு முரண் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த அலுவலகத்தில் இருப்பது எத்தனை குடும்பங்களுக்குப் பாதுகாப்பு!

சி.ஏ, சிமா எல்லாம் கூடவே செய்யலாமோ?

செய்யலாம், செய்யவும் வேண்டும். சி.ஏ என்பது பட்டயக் கணக்காளர் தகைமை, சிமா முகாமைக் கணக்காளர் தகைமை. கணக்கீட்டு நுட்பவியலாளர் தகைமையான ஏ.ஏ.ரி யை ஏ.எல் முடித்த கையோடு தொடங்கலாம். பட்டத்தில் படித்த பாடங்களுக்குத் தொழில்சார் நிறுவனங்கள் விலக்களிப்புத் தருவதுண்டு. எந்தப் பாடத்துக்கு எந்தத் தரம் வேண்டும் என்று அந்தந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பாடத்தெரிவு செய்யுங்கள். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பாதையில் மூன்று ஆண்டு நடைமுறைப் பயிற்சியும் உண்டு. பட்டத்தையும் தொழில்சார் படிப்பையும் ஒரே நேரத்தில் தொடங்கி இரண்டிலும் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் அரையாண்டில் ஆங்கிலத்தோடு ஒத்துப்போன பிறகு பதிவு செய்தால் போதும்.

உள்ளகப் பயிற்சி யாழ்ப்பாணத்தில கிடைக்குமோ? கடையில போய் நின்று என்னத்தைப் படிக்கிறது?

வங்கி, காப்புறுதி, லீசிங், கூட்டுறவுச் சங்கம், ஒடிற் நிறுவனம், மென்பொருள் கொம்பனி என்று இங்கேயே கிடைக்கும். முடிந்தால் கொழும்பில் ஒரு இடத்துக்கும் விண்ணப்பியுங்கள். ஜயவர்த்தனபுர பற்றிய பதிலில் சொன்ன குறையை ஈடுகட்டும் வழி இதுதான்.

கடையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ஆண்டு முடிவில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருப்பு எண்ணப் போனால் தெரியும். பின்பக்கம் அடுக்கியிருக்கும் சீமெந்துப் பையில் மூன்று கல்லாக இறுகியிருக்கும். கம்பிக் கட்டில் வெளிப்பக்கம் துரு. புத்தகத்தில் எல்லாம் முழு விலைக்கு நிற்கும். எல்.கே.ஏ.எஸ் 2 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமம் சொல்வது, வாங்கிய கிரயமோ, விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகையோ, இரண்டில் குறைந்ததைப் போடு என்று. வகுப்பில் ஒரு வரியாகப் படித்தது அந்த இறுகிய பையைக் கையால் தட்டிப் பார்க்கும்போதுதான் உறைக்கும். இலாபம் குறையப் போகிறது என்று முதலாளிக்கு மரியாதையோடு எடுத்துச் சொல்வது அதைவிடப் பெரிய பாடம்.

ஏ.எல் முடிச்ச உடனே வங்கியில சேர்ந்த பெடியன் இப்ப நல்ல சம்பளம். நாலு வருசம் படிச்சு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. வீட்டில் உடனடியாக வருமானம் வேண்டும் என்றால் வங்கி வேலை நல்ல முடிவு. வேலை செய்துகொண்டே வங்கியியல் பரீட்சைகளும் வெளிவாரிப் பட்டமும் செய்யலாம். முதல் பத்து ஆண்டு அந்தப் பெடியன்தான் முன்னுக்கு நிற்பான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பட்டம் வேறு கதவுகளைத் திறக்கிறது. நிர்வாக சேவை, கணக்காளர் சேவை, விரிவுரையாளர் பதவி, வெளிநாட்டு முதுமாணி என்று எல்லாவற்றுக்கும் முதல் நிபந்தனை பட்டம். அதோடு நான்கு ஆண்டு யோசிக்கக் கிடைக்கிறது. 2022 இல் வட்டி வீதங்கள் ஏறிய வேகத்தில் எத்தனை சிறு வியாபாரங்கள் லீசிங் கட்ட முடியாமல் விழுந்தன என்று பார்த்தோம். கடன் எடுக்கும் முன் காசுப் பாய்ச்சலைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்திருந்தால் சிலதையாவது காப்பாற்றியிருக்கலாம். இதற்காகவே நம்முடைய ஊருக்கு இந்தப் படிப்பு வேண்டும் என்று நினைக்கிறேன்.

கம்பஸ் முடிச்சால் அரசாங்க வேலை நிச்சயம்தானே?

நிச்சயம் இல்லை. பட்டதாரி நியமனம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் பதாகையோடு நின்ற பட்டதாரிகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். போட்டிப் பரீட்சைகளுக்குப் படியுங்கள்; ஆனால் காத்திருக்கும் காலத்தில் ஏதாவது வேலையில் இருங்கள். சொந்தத் தொழில் என்றால், வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் வழியாகப் பதியலாம். கொம்பனி என்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்.

கனடாவுக்கோ லண்டனுக்கோ போறதுக்கு இந்தப் பட்டம் உதவுமோ?

அரச பல்கலைக்கழகத்தின் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் என்பதால் முதுமாணிக்கு விண்ணப்பிக்க உதவும். ஜீ.பி.ஏ, ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி இரண்டையும் பார்ப்பார்கள். கம்பஸை விடும் முன்பே பெறுபேற்றுப் பத்திரத்தின் பிரதிகளை எடுத்து வையுங்கள்.

இசட் புள்ளி காணேல்லை. இனி என்ன செய்யிறது?

மூன்று தடவை எழுதலாம். முதல் தடவை சிறிய இடைவெளியில் தவறியிருந்தால் இன்னொரு தடவை எழுதுங்கள். வெற்றிடம் நிரப்பும் சுற்றும் உண்டு. அது முடியும் வரை மனதை விடாதீர்கள்.

மற்ற வழிகளும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றன. உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் எச்.என்.டி.ஏ கணக்கீட்டு டிப்ளோமா, யாழ். பல்கலைக்கழகத்தின் வெளிவாரிக் கற்கைகள், திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம், ஏ.ஏ.ரி. தனியார் நிறுவனம் ஒன்றில் காசு கட்டும் முன், அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, அதை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்வதை நம்பி அம்மாவின் நகையை அடகு வைக்காதீர்கள்.